மதியம் ஒன்றரை முதல் மாலை ஏழு வரை



மாணவர் பராமரிப்பு நிலையங்களில் திரை நேரம் என்பது இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு எனக்குத் தந்த தலைப்பு. தலைப்பைச் சொன்னதும் நண்பர் ஒருவர், "இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுங்கள், எல்லாரும் சாப்பிடப் போகட்டும்" என்றார். சாப்பாடு ஆறிவிடும் என்ற கவலை எனக்கும் உண்டு. ஆனாலும் கொஞ்சம் பேசத்தான் வேண்டியிருக்கிறது.

நிமிடக் கணக்கைப் பிறகு பார்ப்போம். முதலில் வெளிச்சக் கணக்கு. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊர். இங்கே ஆண்டு முழுவதும் காலை ஏழு மணி வாக்கில் விடிகிறது, மாலை ஏழு மணி வாக்கில் இருட்டுகிறது. தொடக்கப்பள்ளி மணி காலை ஏழரைக்கு அடிக்கிறது. அதற்குப் பிள்ளை ஆறு, ஆறேகாலுக்கே எழுந்தாக வேண்டும். பள்ளிப் பேருந்தில் ஏறும்போது பல நாள் இருட்டு விலகியிருக்காது. ஒன்றரை மணி வாக்கில் பள்ளி விடுகிறது. பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளை அங்கிருந்து நேரே பராமரிப்பு நிலையத்துக்குப் போகும். ஆறரை மணிக்கோ ஏழு மணிக்கோ அம்மாவோ அப்பாவோ வந்து அழைத்துக்கொண்டு வெளியே வந்தால் தெருவிளக்கு எரியத் தொடங்கும் நேரமாகியிருக்கும். ஆக, வாரநாளில் அந்தப் பிள்ளைக்குப் பாடவேளை போக மிஞ்சும் பகல் முழுவதும் நிலையத்தின் கையில் இருக்கிறது. வீட்டுக்கு மிஞ்சுவது இரவுதான்.

நான் சொல்ல வந்தது இதைப் பற்றித்தான். மாலை நாலரை மணிக்கு நிலையத்தில் ஓடும் அரை மணி நேரப் படத்தையும், இரவு எட்டு மணிக்கு வீட்டில் ஓடும் அரை மணி நேரப் படத்தையும் ஒரே வரியில் கூட்டிக் கணக்குப் போடுகிறோம். இரவில் போனது அரை மணி நேரம். மாலையில் போனதோ அரை மணி நேரப் பகல்.

வெளியூரிலிருந்து வந்திருக்கும் விருந்தினர்களுக்காகச் சிறு விளக்கம். எங்கள் காலத்தில் பள்ளிகள் காலை நேரம், பிற்பகல் நேரம் என்று இரண்டு வேளையாக நடந்தன. காலைப் பள்ளிப் பிள்ளை மதியம் பாட்டி வீட்டில் சாப்பிட்டுவிட்டு, அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் இருட்டும்வரை ஆடும். 2016 முதல் தொடக்கப்பள்ளிகள் எல்லாமே ஒரே வேளைப் பள்ளிகளாகிவிட்டன. பாட்டியும் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டார் அல்லது வேறு பேட்டையில் இருக்கிறார். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், மணமான தம்பதியரில் பாதிக்கு மேற்பட்டோர் இருவருமே வேலை செய்பவர்கள். பள்ளி வளாகத்துக்குள்ளேயே பராமரிப்பு நிலையம் வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. 2020க்குள் எல்லாத் தொடக்கப்பள்ளிகளிலும் அதை அமைப்பது என்று கல்வி அமைச்சு இலக்கு வைத்தது. பள்ளிக்கு வெளியே தனியாரும் தொண்டூழிய அமைப்புகளும் நடத்தும் நிலையங்கள் வேறு உண்டு. வருமானம் குறைந்த குடும்பங்களுக்குச் சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சு கட்டண உதவி தருகிறது.

உள்ளே ஒரு நாள் எப்படிப் போகிறது? ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் சில நிலையங்களில் தமிழ்ப் பாடத்துக்கு உதவப் போய் வருகிறேன். கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். பிள்ளைகள் அலையலையாக வருவார்கள். முதல் அலை ஒன்றே முக்காலுக்கு. இணைப்பாட நடவடிக்கை உள்ள பெரிய பிள்ளைகள் மூன்று, நான்கு மணிக்கு. முதலில் வந்தவர்களுக்குச் சாப்பாடு. சில இடங்களில் குளியல். பிறகு வீட்டுப்பாடம். வீட்டுப்பாடத்தில் பாதி காகிதத்திலும் பாதி கணினியிலும் வருகிறது. கல்வி அமைச்சின் மாணவர் கற்றல் தளம் 2018இல் வந்தபின், ஆசிரியர் அதில் போட்ட பயிற்சியை முடிக்கத் திரை வேண்டும். நாலு மணிக்குப் பலகாரம். அதன்பின் கால அட்டவணையில் 'வெளிப்புற விளையாட்டு' என்று எழுதியிருக்கும். எழுதியிருக்கும் என்றுதான் சொல்கிறேன்.

அந்த நேரத்தில் என்னவெல்லாம் நடக்கும் என்று பாருங்கள். நம் ஊர் மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் இடியோடு வரும். பள்ளித் திடலில் மின்னல் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் ஒரு பிள்ளைகூட வெளியே இருக்கக்கூடாது. உள்ளரங்கில் பூப்பந்துக் குழு பயிற்சி செய்துகொண்டிருக்கும். பல்நோக்கு மண்டபத்தில் நாளைய நிகழ்ச்சிக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருப்பார்கள். நிலையத்தில் மூன்று டீச்சர் இருந்தால், ஒருவர் தாமதமாக வந்த அலைக்குச் சோறு போடுவார், ஒருவர் வீட்டுப்பாடம் முடிக்காத நான்கு பேரோடு மல்லுக்கட்டுவார். மூன்றாமவர் மற்ற எல்லாரையும் தனியாகத் திடலுக்குக் கூட்டிப் போக முடியாது. போன வாரம்தான் ஒரு பையன் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு, அவன் அம்மா மூன்று பக்கத்துக்கு மின்னஞ்சல் எழுதியிருந்தார். திரையை இறக்கிப் படம் போட்டால் முப்பது பிள்ளைகளும் வரிசையாக உட்கார்ந்துவிடுகிறார்கள். ஒருவருக்கும் அடிபடாது, ஒருவரும் மின்னஞ்சல் எழுத மாட்டார்கள்.

இதில் அந்த டீச்சரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனமில்லை. ஆள் குறையும்போது அந்த இடத்தில் திரை வந்து உட்கார்ந்துகொள்கிறது, அவ்வளவுதான். எந்த நிலையத்திலும் எந்த நேரத்தில் படம் ஓடுகிறது என்று குறித்துப் பாருங்கள். அந்த நேரத்தில் அங்கே ஓர் ஆள் குறைவாக இருப்பார். சாப்பாட்டுக்கும் வீட்டுப்பாடத்துக்கும் நடுவே, மழை வந்தவுடன், பிறகு ஐந்தரைக்கு மேல் பெற்றோர் ஒவ்வொருவராக வந்து கையெழுத்துப் போட்டு அழைத்துப் போகும்போது. இந்த மூன்றாவது வேளைதான் நீளமானது. வெயில் தாழ்ந்து ஆடுவதற்குத் தோதாக இருப்பதும் அப்போதுதான்.

சரி, விதிகளுக்கு வருவோம். 2025 ஜனவரியில் சுகாதார அமைச்சும் கல்வி அமைச்சும் சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சும் சேர்ந்து 'குரோ வெல் எஸ்ஜி' என்ற திட்டத்தைத் தொடங்கின. அதன்படி பதினெட்டு மாதம் வரை திரையே வேண்டாம். அதிலிருந்து ஆறு வயது வரை, பள்ளிக்கு வெளியே நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குள். 7 முதல் 12 வயது வரை, பள்ளிப் பாடம் தவிர இரண்டு மணி நேரத்துக்குள். நல்ல வழிகாட்டிதான். இந்த இரண்டு மணி நேரத்துக்குப் பழைய சரித்திரம் உண்டு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2001இல் ஒன்று முதல் இரண்டு மணி நேரம் என்று எழுதியபோது, திரை என்றால் வரவேற்பறையில் இருந்த தொலைக்காட்சிப் பெட்டி. 2016இல் அதே கழகம் ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு எண் சொல்வதை விட்டுவிட்டு, குடும்பமே ஒரு வரம்பு வகுத்துக்கொள்ளட்டும் என்றது. அதே ஆண்டு கனடா இரண்டு மணி நேரம் என்று உறுதியாகச் சொன்னது. உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டியில் 5 முதல் 17 வயதினருக்கு, பொழுதுபோக்குத் திரையைக் குறையுங்கள் என்று மட்டும் இருக்கிறது, எண் இல்லை. எண் இல்லாவிட்டால் எந்த அப்பாவாலும் எந்த மகனோடும் பேரம் பேச முடியாது என்பது என் கட்சி. ஆகவே இரண்டு மணி நேரத்தை வைத்துக்கொள்வோம்.

யார் அதை எண்ணுவது? வீட்டில் திரை நேரத்தைப் பெற்றோர் பார்க்கிறார்கள். பாட நேரத்தைப் பள்ளி பார்க்கிறது. நடுவில் நிலையத்தில் போன நாற்பது நிமிடம் யார் கணக்கில் ஏறுகிறது? இரவு எட்டு மணிக்கு "இன்றைக்கு இன்னும் பார்க்கவே இல்லையம்மா" என்று பிள்ளை சொன்னால், அம்மாவிடம் மறுக்க ஆதாரம் இல்லை. சாப்பிட்டானா, வீட்டுப்பாடம் முடித்தானா, காய்ச்சல் இருந்ததா என்று நிலையம் செய்தி அனுப்புகிறது. இன்று எவ்வளவு நேரம் திரை, எவ்வளவு நேரம் வெளியே என்று இரண்டே இரண்டு எண் சேர்த்து அனுப்புவதற்குச் செலவு ஒன்றும் இல்லை. இதைச் சொன்னபோது ஒரு நிலைய மேலாளர் சிரித்துவிட்டு, "இரண்டாவது எண்ணைத்தான் அனுப்ப பயமாக இருக்கிறது" என்றார். நேர்மையான மனுஷி.

அந்த இரண்டாவது எண்ணுக்கும் கண்ணுக்கும் உள்ள தொடர்பைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ள வேண்டும். கிட்டப்பார்வையில் உலகில் முன்னணியில் இருக்கும் ஊர் நம்முடையது. தேசிய சேவைக்கு வரும் இளையர்களைப் பரிசோதித்த ஆய்வுகளில் ஏறக்குறைய பத்தில் எட்டுப் பேருக்கு அது இருக்கிறது. சிறுவயதில் கண்விழி முன்பின்னாக நீள்வதால் கிட்டப்பார்வை வருகிறது. நீண்ட விழி திரும்பக் குறுகாது. கண்ணாடி எண் மிக அதிகமானால் பிற்காலத்தில் விழித்திரை பிரிவது, கண் நீர் அழுத்த நோய் போன்ற ஆபத்துகளும் கூடும். கைக்கணினியைக் குறை சொல்வதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். விழிக்கு அருகில் வைத்துப் பார்க்கும் எல்லா வேலையும் இதில் சந்தேகத்துக்குரியதுதான். கைக்கணினியைப் பிடுங்கிவிட்டுக் கையில் பயிற்சித்தாளைக் கொடுத்தால், கண்ணைப் பொறுத்தவரை பெரிய லாபம் இல்லை. பெற்றோர் கேட்டார்கள் என்பதற்காகப் படத்தை நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் இன்னொரு கணக்குத் தாள் போட்ட நிலையம் எனக்குத் தெரியும். பெற்றோருக்குப் பரம திருப்தி.

விழி நீள்வதைத் தடுப்பதில் இதுவரை நன்றாக நிறுவப்பட்ட எளிய வழி, பகலில் வெளியே இருப்பது. வகுப்பறை வெளிச்சம் 300 முதல் 500 லக்ஸ் இருக்கும். வெளியே மரத்தடி நிழலில்கூடச் சில ஆயிரம் லக்ஸ். அந்தப் பிரகாசம் விழித்திரையில் டோபமைன் சுரக்கத் தூண்டுகிறது, அது விழி நீள்வதை மட்டுப்படுத்துகிறது என்பது பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கும் விளக்கம். சீனாவின் குவாங்சோ நகரில் 12 தொடக்கப்பள்ளிகளை எடுத்து, ஆறில் மட்டும் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் 40 நிமிட வெளிப்புற வகுப்பைக் கூடுதலாக வைத்தார்கள். 2010 முதல் 2013 வரை மூன்றாண்டு. வெளியே போன பிள்ளைகளில் 30.4 விழுக்காட்டினருக்கும், போகாதவர்களில் 39.5 விழுக்காட்டினருக்கும் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தது. தைவான் 2010இல் தினமும் 120 நிமிடம் வெளியே என்ற இலக்கை நாடெங்கும் தொடக்கப்பள்ளிகளில் வைத்தது. அங்கே பார்வைக் குறைபாடுள்ள தொடக்கப்பள்ளி மாணவர் விகிதம் 2001இல் 34.8இலிருந்து 2011இல் 50 விழுக்காடு வரை ஏறிக்கொண்டே வந்தது. திட்டத்துக்குப் பின் 2015இல் 46.1 ஆக இறங்கியது. பத்தாண்டு ஏறியது முதல்முறையாகத் திரும்பியிருக்கிறது.

நாற்பது நிமிடம் என்ற எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள். நிலையத்தில் ஐந்தரைக்கு மேல் படம் ஓடும் நேரமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். வெயில் சுடும், தோல் கறுக்கும் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: நம் ஊரில் புற ஊதாக் கதிர் உச்சிப்பொழுதில் கடுமையாக இருந்தாலும் ஐந்து மணிக்கு மேல் வெகுவாகத் தணிந்துவிடும். தொப்பி போதும். கறுப்பாகிவிடுவாள் என்ற கவலையை மட்டும் என்னால் தீர்க்க முடியாது. அதற்கு வேறு சொற்பொழிவு வைக்க வேண்டும்.

வெளிநாடுகளில் என்ன செய்கிறார்கள்? அமெரிக்காவில், பள்ளி முடிந்தபின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் நிலையங்களின் தேசியச் சங்கம் 2011இல் சாப்பாட்டுக்கும் உடலசைவுக்கும் ஒரு தரக்கோட்பாட்டை ஏற்றது. ஒய்எம்சிஏ தன் நிலையங்களில் அதைப் பின்பற்றுவதாக அறிவித்தது. தொலைக்காட்சியும் படமும் கூடாது, மற்ற கருவிகள் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குள், அதுவும் வீட்டுப்பாடத்துக்கோ உடம்பை அசைக்கும் ஆட்டத்துக்கோ மட்டும். அதே ஏட்டில் பழம் தர வேண்டும், தண்ணீர் தர வேண்டும், இவ்வளவு நேரம் ஓடியாட வைக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்கள். எடுத்ததற்குப் பதில் என்ன வைப்பது என்பதும் விதியிலேயே இருக்கிறது. விதி நிலையத்தைப் பார்த்துப் பேசுகிறது, பெற்றோரைப் பார்த்து அல்ல.

சுவீடன் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. அங்கே பள்ளிக்குப் பிந்தைய பராமரிப்பு, பள்ளிச் சட்டத்துக்குள்ளேயே வருகிறது. 2016 முதல் பாடத்திட்டத்தில் அதற்குத் தனிப் பகுதி உண்டு. அங்கு வேலை செய்வதற்கென்றே பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டுப் பட்டப்படிப்பு இருக்கிறது. விளையாட்டை நடத்தப் படிப்பா என்று நாம் வியப்போம். முப்பது பிள்ளைகளை மழைநாளில் திரை இல்லாமல் ஒரு மணி நேரம் வைத்திருந்து பாருங்கள், மூன்றாண்டு போதுமா என்று தோன்றும். அந்நாட்டுப் பொதுச் சுகாதார முகமை 2024 செப்டம்பரில் 6 முதல் 12 வயதினருக்கு ஒன்று முதல் இரண்டு மணி நேரம் என்று வரம்பு சொன்னது. பள்ளி நாள் முழுவதும் கைப்பேசியை வாங்கி வைக்கும் தேசிய விதியை அரசு முன்வைத்தபோது, பராமரிப்பு நிலையத்தையும் அதில் சேர்த்தது. எல்லாம் அங்கே ஒழுங்கு என்று நினைக்க வேண்டாம். குழுக்கள் பெரிதாகிவிட்டன, படித்தவர் போதவில்லை என்ற முறையீடு அங்கும் ஓயவில்லை. டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் மூன்று மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது. நம்மிடம் இருக்கும் பகலை அவர்களுக்கு ஒரு மாதம் கடன் கொடுத்தால் என்ன செய்வார்கள் என்று நினைத்துப் பார்ப்பேன்.

இங்கே பள்ளி நேரத்தில் தொடக்கப்பள்ளிகள் திறன்பேசியை அனுமதிப்பதில்லை. 2026 ஜனவரி முதல் உயர்நிலைப்பள்ளிகளிலும் இடைவேளை உட்பட நாள் முழுவதும் திறன்பேசிக்கும் திறன்கடிகாரத்துக்கும் தடை. ஒன்றரை மணிக்கு மணியடித்தபின் அதே கட்டடத்தின் வேறு அறையில் விதி மாறலாம், நிலையத்துக்கு நிலையம் மாறவும் செய்கிறது. சின்னப் பிள்ளைகளிடம் சொந்தத் திறன்பேசி குறைவு. தொடக்கநிலை ஐந்து, ஆறில் கதை வேறு. ஒருவன் பையிலிருந்து எடுத்தால் சுற்றி ஆறு பேர். இங்கே பெற்றோரும் பொறுப்பேற்க வேண்டும். "கிளம்பிவிட்டேன், கீழே நில்" என்று சொல்வதற்காகக் கொடுத்தோம் என்கிறார்கள். அதற்கு நிலையத்தில் தொலைபேசி இருக்கிறது.

தமிழைப் பற்றிச் சொல்லாமல் போனால் இந்த அவை என்னை விடாது. ஐந்து வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் தமிழை அதிகம் பேசுவோர் 2010இல் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு. நிலையத்தில் பேச்சு ஆங்கிலம், படம் ஆங்கிலம். சில பெற்றோர் என்னிடம், "தமிழ்க் கார்ட்டூன் போடச் சொல்லுங்களேன், மொழியாவது வரும்" என்பார்கள். பாட்ரிசியா கூல் என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் 2003இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளில் ஒரு குழுவோடு சீனமொழி பேசுபவர் நேரில் விளையாடினார். இன்னொரு குழு அதே ஆளைத் திரையில் பார்த்தது. நேரில் கேட்ட குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறிந்தார்கள், திரையில் பார்த்தவர்கள் அறியவில்லை. ஒன்பது மாதத்தை ஒன்பது வயதுக்கு அப்படியே நீட்ட முடியாது, தெரியும். ஆனாலும் நான் பார்த்தவரை, கார்ட்டூன் பார்த்த பிள்ளைக்குத் தமிழ் புரிகிறது, வாய் திறப்பதில்லை. ஐந்து கல் ஆடும்போது "அது அவுட்டு, நீ தொட்டுட்டே" என்று கத்துகிறார்கள். கற்பித்தல் ஏட்டில் இடம்பெறாத தமிழ்தான், ஆனால் அவர்களுடையது. ஆட்டம் சூடு பிடித்தால் பக்கத்திலிருக்கும் சீனப் பிள்ளையும் மலாய்ப் பிள்ளையும் அந்த 'அவுட்டு'வைக் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள்.

திரையே கூடாது என்று நான் சொல்லவில்லை. மழை விடாத வெள்ளிக்கிழமை எல்லாரும் சேர்ந்து ஒரு படம் பார்த்தால் ஒன்றும் கெட்டுவிடாது, பிறகு அதைப் பற்றி அடித்துப் பேசிக்கொள்வார்கள். ஆளுக்கொரு கைக்கணினியும் காதடைப்பானும் கொடுப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. நான் கேட்பது ஒரு நேர ஒழுங்கு: படம் வேண்டுமென்றால் இரண்டு மணிக்குப் போடுங்கள், வெளியே வெயில் கொளுத்தும்போது, பிள்ளைகள் சாப்பிட்டுக் களைத்திருக்கும்போது. ஐந்து மணிக்கு மேல் மழை இல்லாத நாளில் எந்தத் திரையும் வேண்டாம். பெற்றோர் திடலுக்கு வந்து அழைத்துப் போகட்டும். கையெழுத்துப் பலகையை அங்கே கொண்டுபோய் வைப்பது பெரிய காரியமா?

அதற்குத் திடலில் ஓர் ஆள் வேண்டும். முதல்வர்களிடமும் நிலைய நடத்துநர்களிடமும் பேசினால் எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள், சம்பளம் யார் தருவது என்பதில் வந்து நின்றுவிடுவார்கள். கட்டணத்தை ஏற்றினால் பெற்றோருக்குச் சுமை. அதனால் அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தாரிடம் நேராகவே கேட்கிறேன். ஆண்டுக்கு ஒரு சொற்பொழிவு நடத்தி, அச்சிட்டு, எங்களுக்குச் சோறும் போடுகிறீர்கள். அடுத்த ஆண்டு பேச்சை விட்டுவிடுங்கள். அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, ஒரே ஒரு நிலையத்துக்கு ஓர் ஆளை அமர்த்துங்கள். தமிழ் பேசுபவராக இருந்தால் நல்லது. நாலரை முதல் ஆறரை வரை, வாரம் ஐந்து நாள், பள்ளி நடக்கும் நாற்பது வாரம். மொத்தம் 400 மணி நேரச் சம்பளம். ஆண்டுத் தொடக்கத்திலும் முடிவிலும் பிள்ளைகளின் கண்ணைப் பரிசோதித்து எழுதி வைக்க, இந்த அவையிலேயே கண் மருத்துவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்கள் மறுக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன், முன்வரிசையில் சிரிக்கிறார்கள். விடுமுறையில் நிலையங்கள் காலையிலேயே திறந்துவிடும், அந்தப் பன்னிரண்டு வாரக் கணக்கு வேறு. அதைக் கேள்வி நேரத்தில் பேசிக்கொள்ளலாம்.